நாற்காலியின் இடது கையில் ஒரு சைக்கிள் மணி

பயிற்சி அறையில் இருக்கும் சாய்வு நாற்காலியின் இடது கைப்பிடியில் ஒரு பழைய சைக்கிள் மணி மாட்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் முதல் நாள் அதை ஒருமுறை அடித்துப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். யாரோ விளையாட்டுக்கு மாட்டியது என்று உங்களுக்குள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. மாட்டியவன் நான்தான். விளையாட்டுக்காக மாட்டவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆன பிறகு, ஹப்சிகுடா வீட்டில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதுவதற்கும் அந்த மணிதான் காரணம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கோவில்பட்டியில் லாரியில் கிளீனராக ஏறி விஜயவாடாவில் இறங்கிவிட்டேன். பிறகு ஹைதராபாத். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஆளாக சர்க்யூட் போர்டுகளில் ஈயம் பற்றவைத்தேன். அது சலித்ததும் அமீர்பேட்டில் கணினி வகுப்பு நடத்துகிறவர்களுக்குக் கணினி பழுதுபார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டேன். மஞ்சள் காமாலை வந்தது, போனது. அப்புறம் மருத்துவமனைகளில் இ.சி.ஜி. இயந்திரங்களைச் சரிசெய்கிற வேலை. எதிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. இந்த ஆராய்ச்சி வேலையில்தான் ஒன்பது வருஷம் இருந்தேன். ஏன் இருந்தேன் என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது.

கருவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். பக்கவாதத்தில் கை விழுந்துபோனவர் விரலைத் திறக்க நினைக்கும்போது மூளையில் ஒரு சின்ன மாற்றம் நடக்கிறது. தலையில் மாட்டிய தொப்பி அதைப் பிடிக்கிறது. கணினி அதைப் புரிந்துகொண்டு, கையில் போட்ட மோட்டார் கையுறையை இயக்கி விரலைத் திறக்கிறது. நினைப்பும் அசைவும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நடந்தால், அடைத்துப்போன வழி கொஞ்சமாவது திறக்கும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் செய்கிறோம். இதில் என் வேலை தொப்பி போடுவது. தொப்பியின் ஓட்டைகள் வழியாக மழுங்கிய ஊசியால் களிம்பை விட்டு, அந்த ஊசி முனையாலேயே தோலை லேசாகத் தேய்த்து, திரையில் இருக்கும் சிவப்பு வட்டங்களைப் பச்சையாக்க வேண்டும். எல்லாம் பச்சையானால் மூளையின் அலைகள் தெளிவாகக் கிடைக்கின்றன என்று அர்த்தம், நான் ஒதுங்கிக்கொள்வேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஞானப்பிரகாசம் சார் வந்தார். செகந்திராபாத்தில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். வலது கை சுத்தமாக விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: ‘ஹவ்’. இந்த ஊர் உருதுவில் ‘ஆமாம்’ என்று அர்த்தம். டீ வேண்டுமா என்றால் ஹவ். வேண்டாமா என்றாலும் ஹவ். அவரை அழைத்து வருகிற மனைவி லூர்தம்மாள் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

“நாப்பது வருஷமா நான் எது கேட்டாலும் நக்கோ, நக்கோம்பாரு தம்பி. வேண்டாம், வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. இப்பப் பாருங்க, எல்லாத்துக்கும் ஹவ். ஆண்டவரு எனக்கு லேட்டா குடுத்திருக்காரு.”

சாரும் சிரிப்பார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும்.

எங்களுக்கு அவரிடம் ஒரே சிக்கல், எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வோம். எண்ணெய் இருந்தால் வட்டம் பச்சையாகாது. லூர்தம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் சாரின் தலையைத் தொட்டால் நல்லெண்ணெய் வழுக்கும். “நேத்து வெச்சதாம்மா?” என்று கேட்டால், “போன வாரம் வெச்சது, இன்னும் போகல” என்பார். நானும் ஸ்பிரிட்டால் துடைத்து, களிம்பு விட்டு, அரை மணி நேரம் போராடுவேன்.

ஒரு வியாழக்கிழமை. எங்கள் ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து பார்க்க வந்திருந்தார்கள். அன்று யாரை உட்கார வைப்பது என்று பேசியபோது எல்லோரும் ஞானப்பிரகாசம் சாரைத்தான் சொன்னார்கள். முந்தைய வாரம்தான் அவருடைய நினைப்புக்குக் கையுறை ஒழுங்காகத் திறக்கத் தொடங்கியிருந்தது. அறை சிறியது என்பதால் லூர்தம்மாளை வெளியே உட்காரச் சொன்னோம். வழக்கமாக அவர் சாருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவார். அன்றைக்குத்தான் அவர் உள்ளே இல்லை.

வந்தவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். என் பக்கம் ஒரு வட்டம் சிவப்பாகவே இருந்தது. உச்சியிலிருந்து இடது பக்கம் நாலு விரல் கீழே, வலது கையை ஆட்டுகிற இடத்துக்கு மேலே, எங்களுக்கு மிக முக்கியமான வட்டம். தேய்த்தேன். சிவப்பு. மறுபடி தேய்த்தேன். மஞ்சளாகிச் சிவப்புக்குத் திரும்பியது. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

“சரியா சார்?” என்று கேட்டேன்.

“ஹவ்.”

அழுத்தித் தேய்த்தேன். “பரவாயில்லையா சார்?”

“ஹவ்.”

மூன்றாவது தடவையும் கேட்டேன். மூன்றாவது தடவையும் ஹவ். வட்டம் பச்சையாயிற்று.

அன்றைக்குக் கிடைத்த மாதிரித் தெளிவான அலைகள் அதற்கு முன் எங்களுக்குக் கிடைத்ததில்லை. விரலைத் திறக்கச் சொல்லித் திரையில் அம்புக்குறி வந்த போதெல்லாம் கையுறை திறந்தது. கண்ணாடிக்கு அப்பால் கைதட்டினார்கள். எல்லோரும் சாரின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் திரையையும் பார்த்தேன். இடது கையை யாரும் பார்க்கவில்லை. அது நல்ல கைதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது? பிறகு பதிவான வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் தேய்த்த நேரம் முழுக்க அந்தக் கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

தொப்பியைக் கழற்றியபோது அந்த இடத்தில் எட்டணாக் காசு அகலத்துக்குத் தோல் போயிருந்தது. ரத்தம் துளிர்த்தது. சாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அது எனக்குத் தெரியும். பஞ்சால் ஒற்றி, மேலே இருந்த முடியை அதன் மீது சீவிவிட்டேன். சீவிவிட்டேன் என்பதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். தெரியாமல் செய்தது தேய்த்தது. தெரிந்து செய்தது சீவியது.

சனிக்கிழமை வந்தபோது புண் கசிந்துகொண்டிருந்தது. லூர்தம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க பேச்சக் கேக்காம அவருக்கு எண்ணெய் வெச்சுட்டுதான் இருக்கேன். தேய்க்கிறப்போ என் நகம் கீறிடுச்சு போல. புண்ணாயிடுச்சு. பாருங்க, எல்லா நகத்தையும் ஒட்ட வெட்டிட்டேன்.”

இரண்டு கைகளையும் நீட்டினார். சதை தெரிகிற அளவுக்கு வெட்டியிருந்தார்.

நான் சொன்னது இதுதான்: “பரவாயில்லம்மா. ஆறிடும்.”

எனக்குப் படிப்பு கிடையாது. சான்றிதழ் கிடையாது. ஒப்பந்த வேலை. தவறு வெளியே வந்தால் முதலில் போகிறவன் நான் என்று நினைத்தேன். வேலை போவது எனக்குப் புதிதல்ல. பை ஒன்றுதான், தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். ஆனால் இந்தத் தடவை போக மனமில்லை. அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. சாரின் நிலைமை அதைவிட மோசம். தலையில் புண் இருந்தால் தொப்பி போடக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் பயிற்சி விட்டுப்போனால் அவரை இந்த ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும். அப்படி நீக்கியவர்களைத் திரும்பச் சேர்ப்பதில்லை. விரல் இப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. சர்க்கரைக்காரரின் புண் மூன்று வாரத்தில் ஆறுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்று பயிற்சி இல்லை என்று சொல்ல, ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். அவர் தெலுங்குக்காரர், தமிழ்நாட்டில் சில வருஷம் படித்ததால் என்னோடு தமிழில்தான் பேசுவார்.

“புண் எப்படி வந்தது அண்ணா?”

நகம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. அந்த வெட்டிய நகங்கள் கண்ணுக்கு முன்னால் நின்றன. “நான்தாம்மா. வியாழக்கிழமை. அழுத்தித் தேச்சுட்டேன்” என்றேன்.

அவர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்தார். “அவரைக் கேட்கலையா?”

“மூணு தடவை கேட்டேம்மா.”

“என்ன கேட்டீங்க?”

“சரியா சார், பரவாயில்லையா சார்னு.”

“அவருக்கு ஹவ் தவிர என்ன சொல்ல வரும்?”

அவரே தொடர்ந்தார்.

“வலிக்குதான்னு ஒரு தடவை கேட்டிருந்தீங்கன்னா? அதுக்கும் ஹவ்தான் சொல்லியிருப்பாரு. அப்ப நிறுத்தியிருப்பீங்க. எந்தப் பதில் வேணுமோ, அதுக்கு ஏத்த கேள்வி கேட்டிருக்கீங்க அண்ணா.”

அதற்கு அப்புறம் இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அவ்வளவு சரியாகத் திட்டியதில்லை. அவர் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினார். வந்தவர்கள் முன்னால் அவசரப்படுத்தியதில் தனக்கும் பங்கு உண்டு என்று தன் பெயரையும் சேர்த்து எழுதினார். பிறகு, “அந்த அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் கூட வரமாட்டேன்” என்றார்.

நடைவழியில் நின்று லூர்தம்மாளிடம் சொன்னேன்.

“கைக்கு? கைக்கு இப்படிப் பண்ணீங்க?” ஏன் என்று கேட்கக்கூட அவருக்கு அந்த நேரத்தில் இந்த ஊர்ச் சொல்தான் வந்தது. “ரெண்டு நாளா மாதா படத்துக்கு முன்னாடி முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டேன்யா. நான் பண்ணாத தப்புக்கு! காலைல ஒங்ககிட்டயும் கேட்டேன். பரவாயில்லம்மாங்கறீங்க! பெரிய மனசு பண்ணி எனக்கு மன்னிப்புக் குடுக்கறீங்க!”

“தப்புதாம்மா.”

“எங்கிட்ட கைக்கு சொல்றீங்க? என் தலையா அது? போங்க, அவர்கிட்ட சொல்லுங்க.”

சாருக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து சொன்னேன். அவர் கேட்டார். “ஹவ்” என்றார். சரி, போகட்டும் என்கிறாரா, ஆமாம், நீதான் செய்தாய் என்கிறாரா? அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருடைய இடது கையைப் பார்த்தேன். தொடை மேல் இறுக மூடியிருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வேலைக்கு வரும் முன் செகந்திராபாத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருத்துவமனைச் செவிலியர் புண்ணைச் சுத்தம் செய்யக் கற்றுக் கொடுத்திருந்தார். மருந்து போட்டுவிட்டு நான் கிளம்பிவிட வேண்டும். முதல் மூன்று நாள் லூர்தம்மாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் டீ வந்தது. சர்க்கரை போடாத டீ. சாருக்குப் போட்டதையே எனக்கும் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக் குடித்தேன்.

“வேணும்னுதான் சர்க்கரை போடல” என்றார். “நாளைக்குப் போடறேன்.”

அந்த நாட்களில்தான் அவர் எனக்குச் சாரைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். இடது கையின் கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தேய்த்தால் டீ. உள்ளங்கையைத் தொடையில் தட்டினால் போதும். ஏதாவது ஒன்றைப் பிடித்து முறுக்கினால் வலி. “வாயால வர்றத விடுங்க தம்பி. அது பழைய ரேடியோ, ஒரே ஸ்டேஷன்தான். கையப் பாருங்க.”

எண்ணெய் விஷயமும் அங்கேதான் விளங்கியது. சாயங்காலம் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்க்கும்போது மட்டும்தான் சார் கண்ணை மூடிக்கொள்வாராம். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் முகம் இறுக்கம் இல்லாமல் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான். “அத நிறுத்துன்னா நான் எப்படி நிறுத்துவேன்?” என்று கேட்டார். வராதே, வைக்காதே, செய்யாதே என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தோமே தவிர, ஏன் வைக்கிறீர்கள் என்று நாங்கள் யாரும் அவரைக் கேட்டதில்லை.

அமீர்பேட்டில் எனக்குப் பழக்கமான ஒரு கட்டடத்தில் அழகுக்கலைப் பயிற்சி நிலையம் ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். தலை கழுவுகிற சாய்வுத் தொட்டி ஒன்று மூலையில் கிடந்தது. கேட்டேன், தூக்கிக்கொண்டு போ என்றார்கள். டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். குழாய் இழுத்து நானே மாட்டினேன். வீட்டில் எண்ணெய் வைத்துக்கொள்ளட்டும். இங்கே வந்ததும் நாம் கழுவுவோம். பயிற்சி முடிந்ததும் மறுபடி வைத்துக்கொண்டு போகட்டும். இன்று நீங்கள் எல்லோருடைய தலையையும் வெந்நீரில் கழுவிவிட்டுத் தொப்பி போடுகிறீர்களே, அது அப்படி வந்த வழக்கம். தொப்பி பிடிக்காத முரட்டுத் தலைகள்கூட அந்தத் தொட்டியில் சாய்ந்ததும் அமைதியாகிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மணிக்கு வருகிறேன். அவர்கள் வீட்டு வாசலில் சாரின் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. முப்பது வருஷம் பட்டறைக்குப் போன சைக்கிள். சொல்லால் நிறுத்த முடியாதவருக்குச் சத்தத்தால் நிறுத்த ஒரு வழி வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தவன், அதைப் பார்த்து நின்றுவிட்டேன். மணியைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

“எடுத்துக்குங்க. இனிமே அவரு எங்க ஓட்டப் போறாரு?” என்றார் லூர்தம்மாள்.

ஆனால் சார் இடது கையை நீட்டி வேண்டாம் என்பதுபோல் தடுத்தார். நான் விலகினேன். அவர் மெதுவாக எழுந்து, மாடத்திலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்பேனர் தவறான அளவு.

பத்தொன்பதாம் நாள் புண் மூடிப் புதுத் தோல் வந்தது. டாக்டரம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “தொப்பி போடலாம்” என்றார். மூன்று வாரத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். லூர்தம்மாள் எதிரே ஸ்டூலில். இடது கைப்பிடியில் மணி. “சார், எப்ப வேணும்னாலும் அடிங்க. கைய எடுத்துடுவேன்” என்று சொல்லிவிட்டு ஊசியைத் தூக்கினேன்.

இன்னும் தலையைத் தொடவே இல்லை. டிரிங்.

கையை எடுத்தேன். ஊசியைத் தட்டில் வைத்தேன். அவர் என்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊசியை எடுத்து அருகில் போனேன். டிரிங். மறுபடி நிறுத்தினேன்.

“ஏங்க, வெளையாடறீங்களா?” என்றார் லூர்தம்மாள்.

“ஹவ்.”

மூன்றாவது தடவை ஊசி முனை தோலில் படும் நேரத்தில் அடித்தார். அதுதான் கஷ்டமான தடவை. வட்டம் சிவப்பிலிருந்து மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நொடி இருந்தால் பச்சை. கையை எடுத்துவிட்டேன். வட்டம் சிவந்தது.

சார் மணியிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலையை என் பக்கமாகக் குனிந்து கொடுத்தார்.

பல ஊர்களில் பலரிடம் பல வேலை பார்த்திருக்கிறேன். வேலை கொடுத்தவர்கள் உண்டு, சோறு போட்டவர்கள் உண்டு. நான் காயப்படுத்திய தலையை மறுபடி என் கையில் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மூட்டை கட்டுகிற புத்தி எனக்கு அன்றோடு போயிற்று.

அவருக்குக் கை முழுசாகத் திரும்பவில்லை. பயிற்சி முடிந்தபோது விரல்களைப் பாதி திறக்க முடிந்தது. டம்ளரை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார். சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டைப் போட்டுக்கொள்வார். “அதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது, கோயில்ல பூசை முடிஞ்சுடுது” என்று லூர்தம்மாள் குறைபட்டுக்கொள்வார். ஆனால் அவரே போட்டுவிட மாட்டார், காத்திருப்பார்.

இனி நான் ஓய்வு பெற்ற நாள். அன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். கேக் வெட்டிய பிறகு, அண்ணனுக்கு ஒரு தடவை தொப்பி போட்டுப் பார்க்கலாம் என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். ஞானப்பிரகாசம் சாரும் லூர்தம்மாளும் வந்திருந்தார்கள். சார் எனக்கு எதிரே நின்றார். எதிரே நிற்பவருக்கு நாற்காலியின் இடது கைப்பிடி அவருடைய வலது கைப் பக்கம் வரும். உங்களில் ஒருவர் ஊசியால் என் உச்சியில் தேய்க்கத் தொடங்கினார். கொஞ்சம் அழுத்தமாகத்தான். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியாது. சார் பார்த்திருக்கிறார். அவர் தன் வலது கையை மெல்லத் தூக்கி, கட்டைவிரல் கணுவால் மணியை அழுத்தினார்.

டிரிங்.

அறையே ஆரவாரித்தது. விழுந்த கை மணி அடித்துவிட்டது. வீடியோ எடுத்தீர்கள். லூர்தம்மாள் அழுதார். நானும் அழுதேன். நீங்கள் கைதட்டியதில் ஒரு தவறும் இல்லை. அந்தக் கைக்கு அது உரியதுதான். ஆனால் என் தலையில் இருந்த ஊசி நிற்கவில்லை. சார் என் தலையைப் பார்த்தபடி இரண்டாவது தடவை அடித்தார். அதற்கும் கைதட்டினீர்கள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அந்த வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவன். நான் கேட்பது ஒன்றுதான். அந்த மணி அடித்தால், யார் அடித்தாலும், எந்தக் கையால் அடித்தாலும், முதலில் கையை எடுங்கள். எடுத்த கையால் பிறகு தட்டலாம்.